பார்வை மங்குகிறதா? "அழுது அழுது போச்சு" என்று விட்டுவிடாதீர்கள்

வன்னியில் நடைபெறும் இலவசக் கண் பரிசோதனை முகாம்களில் பெயர் பதியும் மேசையில் சில வருடங்களாக உதவிக்கு இருந்து வருகிறேன். நான் வைத்தியர் அல்ல. பெயர், வயது, ஊர் ஆகியவற்றைக் கேட்டு, "கண்ணில் என்ன பிரச்சினை?" என்ற கேள்விக்கு வரும் பதிலையும் எழுதிக்கொள்வதுதான் என் வேலை. அந்தக் கேள்விக்குப் பலர் தங்கள் கண்ணில் என்ன நடக்கிறது என்று சொல்வதில்லை. ஏன் நடந்தது என்றுதான் சொல்கிறார்கள்.

"பிள்ளையை நினைச்சு அழுது அழுது கண் போயிட்டுது."

"முள்ளிவாய்க்கால் புகையில கெட்டுப்போச்சு."

"செல் விழுந்த அதிர்ச்சி."

"வயசு போனா அப்பிடித்தானே."

இந்தப் பதில்களின் பின்னால் இருக்கும் துயரம் உண்மையானது. அதைப் பற்றி எவரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் இவற்றில் ஒன்றுகூட நோயின் பெயர் அல்ல. பார்வை குறைந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொள்வதால், பரிசோதிக்கும் எண்ணமே வருவதில்லை. அப்படிப் பல வருடங்கள் இருந்துவிட்டு வந்தவர்களில் பலருக்கு ஒரு கண்ணாடியோ சிறிய சத்திரசிகிச்சையோ போதுமாக இருந்திருக்கிறது. வேறு சிலருக்குக் காலம் கடந்துவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட பார்வை பற்றிய உலக அறிக்கையின்படி, உலகில் குறைந்தது 2.2 பில்லியன் மக்களுக்குப் பார்வைக் குறைபாடு இருக்கிறது. அவர்களில் குறைந்தது 1 பில்லியன் பேருடைய குறைபாடு, வராமல் தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாமல் இருப்பது. எப்போது கண்ணைக் காட்ட வேண்டும் என்பதை அறிந்திருப்பது அதனால்தான் முக்கியம்.

அழுவதால் பார்வை போகாது

முதலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கண்ணீர் கண்ணைக் கெடுப்பதில்லை. அது கண்ணின் மேற்பரப்பைக் கழுவி ஈரமாக வைத்திருக்கிறது. நெடுநேரம் அழுதால் இமை வீங்கும், கண் சிவக்கும், சற்று நேரம் மங்கலாகத் தெரியும். பிறகு சரியாகிவிடும். எத்தனை வருடம் அழுதாலும் கண்ணின் வில்லை வெளிறுவதில்லை, பார்வை நரம்பு பட்டுப்போவதில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது 2017 பெப்ரவரியில். அன்று 55 வயதில் வந்து அமர்ந்த ஒரு தாய் இன்று 60ஐத் தாண்டிவிட்டார். அது கண்புரை வரும் வயது. நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் கண்ணைத் தாக்கும் வயது. அந்தத் தாயின் பார்வை மங்குவதற்கு அழுகைதான் காரணம் என்று அவரும் நம்பி, பிள்ளைகளும் நம்பி, அயலவர்களும் நம்பினால், திரும்பப் பெறக்கூடிய பார்வை திரும்பாமலே போய்விடும். பதில் கிடைக்காமலே பல தாய்மார் இறந்துபோனார்கள். இருப்பவர்களாவது கையில் வைத்திருக்கும் படத்தைத் தெளிவாகப் பார்க்கட்டும்.

மனஅதிர்ச்சியால் பார்வையில் குழப்பம் ஏற்படுவதும் உண்டு. கண் நல்ல நிலையில் இருந்தும் சிலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. ஆனால் அப்படித்தானா என்பதும் கண்ணை முழுமையாகப் பரிசோதித்த பின்னர்தான் தெரியும். பரிசோதிக்காமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது.

தெரியாமலே குறைவது எப்படி?

பல்லில் சொத்தை வந்தால் வலித்து எழுப்பிவிடும். கண் அப்படியல்ல. பார்வையைப் பறிக்கும் நோய்களில் பெரும்பாலானவை வலிப்பதே இல்லை. அவை மெதுவாக வருவதால், நேற்றைக்கும் இன்றைக்கும் இடையே வித்தியாசம் தெரிவதில்லை. மற்றொரு காரணம், எங்களுக்கு இரண்டு கண் இருப்பது. ஒரு கண் கெட்டுப்போனாலும் மற்றக் கண் வேலையை எடுத்துக்கொள்ளும். ஏதோ தற்செயலாக நல்ல கண்ணைக் கசக்கும்போதுதான், மற்றக் கண்ணில் ஒன்றுமே தெரியவில்லை என்று சிலருக்குத் தெரிய வருகிறது.

எனவே வீட்டிலேயே ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். சுவரில் கலண்டர் ஒன்று தொங்கும். நல்ல வெளிச்சத்தில், அறையின் மறுபக்கம் நின்று கொள்ளுங்கள். தூரப் பார்வைக்குக் கண்ணாடி அணிபவர் என்றால் அதை அணிந்துகொள்ளுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, மற்றக் கண்ணால் கலண்டரின் எண்களைப் பாருங்கள். பின்னர் கண்ணை மாற்றிப் பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் வித்தியாசம் இருந்தால், அதுவே பரிசோதனைக்குப் போகப் போதிய காரணம்.

அடுத்து, யன்னல் கம்பியையோ தரையில் பதித்த மாபிள் கோடுகளையோ ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பாருங்கள். நேர்க்கோடு வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால், நடுவில் ஒரு பகுதி அழிந்தது போல் இருந்தால், விழித்திரையின் மையப்பகுதியில் பிரச்சினை இருக்கக்கூடும். தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

இந்தச் சோதனையில் எல்லாம் சரியாகத் தெரிந்துவிட்டால் கண்ணில் நோயே இல்லை என்று அர்த்தமாகாது. கண்ணின் உள்ளே இருக்கும் அமுக்கத்தையோ நரம்பின் நிலையையோ கலண்டர் காட்டாது.

நாற்பதைத் தொட்ட தலைமுறை

2009 மே மாதத்தில் 25 வயதாக இருந்தவர்கள் 2024 இல் 40ஐத் தொட்டார்கள். போரைத் தோளில் சுமந்த அந்தத் தலைமுறை இப்போது வெள்ளெழுத்து வரும் வயதில் நிற்கிறது.

கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளமையில் நெகிழ்வாக இருக்கும். ஏறத்தாழ 40 வயதில் அந்த நெகிழ்வு குறைந்து, கிட்ட உள்ளதைப் பார்ப்பது கடினமாகும். ஊசியில் நூல் கோர்க்க முடியாது. அரிசியில் கல் தெரியாது. கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்து வாசிக்க வேண்டிவரும். வலை பொத்துகிறவர், தைக்கிறவர், பனையோலை பின்னுகிறவர் முதலில் இதை உணர்வார்கள். மாலையானதும் தலையிடி வரும். இது நோயல்ல, எல்லோருக்கும் வருவது. கண்ணாடி போட்டால் கண் இன்னும் பழுதாகும் என்பது தவறான எண்ணம். போட்டாலும் போடாவிட்டாலும் வில்லையின் நெகிழ்வு வயதோடு குறைந்தே தீரும். போட்டால் வேலை செய்யலாம்.

சந்தையில் விற்கும் ஆயத்தக் கண்ணாடியை வாங்கிப் போட்டு வாசிக்கத் தொடங்குபவர்கள் பலர். இரண்டு கண்ணும் ஒரே அளவில் இருப்பவருக்கு வாசிப்பதற்கு அது உதவலாம். ஆனால் அத்துடன் நிறுத்திவிடக்கூடாது. 40 வயது என்பது கண்ணின் உள்ளே இருக்கும் அமுக்கத்தையும் நரம்பையும் முதல்முறை பார்க்க வேண்டிய வயதும்கூட.

கண்புரை: முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை

கற்றரக்ட் என்று வைத்தியசாலையில் சொல்வது கண்புரையைத்தான். கண்ணின் வில்லை வெளிறி, பனி படிந்த கண்ணாடி யன்னலுக்கு ஊடாகப் பார்ப்பது போலாகும். இரவில் எதிரே வரும் மோட்டார் சைக்கிளின் வெளிச்சம் கண்ணைக் கூசும். விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். நிறங்கள் மங்கிப் பழுப்பாகத் தெரியும். கண்ணாடியின் அளவு அடிக்கடி மாறும்.

ஓர் அறிகுறியை மட்டும் பலர் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். "அம்மம்மாவுக்கு இப்ப கண்ணாடி இல்லாமலே பேப்பர் வாசிக்க ஏலும்" என்று பெருமையாகச் சொல்வார்கள். வயதானவருக்குக் கிட்டப் பார்வை திடீரெனத் தெளிவானால், வில்லையின் நடுப்பகுதி இறுகிக் கண்புரை வளர்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். கொஞ்சக் காலத்தில் அந்தத் தெளிவும் போய்விடும்.

கண்புரையைக் கரைக்கும் துளி மருந்து எதுவும் இல்லை. வெளிறிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை வைப்பதே சிகிச்சை. "நல்லா முத்தட்டும், பிறகு வெட்டுவம்" என்பது பழைய காலத்துப் பேச்சு. அன்றாட வேலைக்கு இடைஞ்சலாகத் தொடங்கியதும் செய்துகொள்ளலாம். மிகவும் முற்றவிட்டால் சத்திரசிகிச்சை கடினமாவதுடன், கண்ணுக்குள் அமுக்கம் கூடி வலியும் பார்வை இழப்பும் ஏற்படக்கூடும்.

சத்தமில்லாமல் பார்வையைப் பறிக்கும் இரண்டு

முதலாவது குளுக்கோமா. பெரும்பாலும் கண்ணுக்குள் அமுக்கம் கூடி, பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் சேதமாகும். நேரே பார்ப்பது கடைசிவரை தெளிவாக இருக்கும். ஓரப் பார்வைதான் முதலில் சுருங்கும். கதவு நிலையில் தோள் மோதுவது, பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாமல் போவது, படியில் தடுக்குவது போன்றவை பிந்திய அறிகுறிகள். இழந்த பார்வையை எந்த மருந்தும் திருப்பித் தராது. இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும். தாய், தகப்பன், சகோதரர்களில் ஒருவருக்கு இருந்தால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே குடும்பத்தில் ஒருவருக்குக் குளுக்கோமா என்று சொன்னால், மற்றவர்களும் பார்வை நன்றாக இருந்தாலும் கண்ணைக் காட்ட வேண்டும்.

இரண்டாவது நீரிழிவு. சீனி வருத்தம் விழித்திரையின் நுண்ணிய குருதிக் குழாய்களைப் பழுதாக்கும். அவை கசிந்து, பின்னர் உடைந்து இரத்தம் பாயும்வரை நோயாளிக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். நடுத்தர வயதில் வரும் வகை நீரிழிவு என்றால், கண்டுபிடித்த உடனேயே முதல் கண் பரிசோதனையும், பின்னர் வருடத்துக்கு ஒருமுறையும் செய்ய வேண்டும். நீரிழிவு உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள் கண்ணைக் காட்ட வேண்டும். சீனி கூடிக் குறையும்போது பார்வையும் மாறும் என்பதால், சீனி கட்டுப்பாட்டுக்குள் வந்த பிறகே புதிய கண்ணாடி வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் காசும் வீண்.

போர்க் காயம் பட்ட கண்கள்

இதைப் பற்றி எங்கள் மத்தியில் போதியளவு பேசப்படுவதில்லை. அன்று காயம் ஆறிவிட்டது, அத்துடன் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். கண்ணைப் பொறுத்தவரை அது முடிவதில்லை.

கண்ணிலோ முகத்திலோ பலத்த அடி பட்டவருக்கு, கண்ணுக்குள் திரவம் வடியும் பாதை அப்போதே சேதமடைந்திருக்கலாம். அதன் விளைவாகக் கண் அமுக்கம் பல வருடங்கள் கழித்தும் கூடலாம். காயம் பட்ட கண்ணில் இளம் வயதிலேயே கண்புரை வரலாம். விழித்திரை கிழிந்து கழன்று வரலாம். இரும்புத் துண்டு கண்ணுக்குள்ளேயே தங்கியிருந்தால், அதன் துரு மெல்ல மெல்ல விழித்திரையைக் கெடுக்கும். அன்று கண்ணுக்குப் பக்கத்தில் செல் துண்டு பட்டு, நெருக்கடிக்குள் தையல் மட்டும் போட்டு அனுப்பப்பட்டவர்கள், இன்று எந்தக் குறையும் தெரியாவிட்டாலும் ஒருமுறை முழுமையான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

தலையில் காயம் பட்டவர்கள், குண்டுவெடிப்பின் அதிர்வில் மயங்கி விழுந்தவர்கள் ஆகியோருக்குக் கண் நன்றாக இருந்தும் பார்வையில் சிக்கல் இருக்கலாம். வாசிக்கும்போது எழுத்து இரட்டையாகத் தெரிதல், வரி தவறிப்போதல், வெளிச்சம் தாங்க முடியாமை, ஒரே பக்கத்தில் உள்ள பொருட்களில் அடிக்கடி மோதுதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். "படிப்பு ஏறேல்லை" என்று பள்ளியை விட்ட சிலருடைய உண்மையான பிரச்சினை இதுவாகவும் இருக்கலாம்.

உடலில் உலோகத் துண்டு உள்ளவர்கள் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று: எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க அனுப்பினால், உள்ளே துண்டு இருப்பதை, அல்லது இருக்கலாம் என்ற சந்தேகத்தையாவது, கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் துண்டை நகர்த்திக் கண்ணைச் சேதப்படுத்தலாம். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கான் ஆகியவற்றில் அந்த ஆபத்து இல்லை. என் இடது புருவத்துக்கு மேலேயும் 2009 இல் புகுந்த ஒரு துண்டு இருக்கிறது. எந்த வைத்தியரிடம் எதற்காகப் போனாலும் முதலில் அதைச் சொல்லிவிடுவேன். கண்ணையும் வருடத்துக்கு ஒருமுறை காட்டுகிறேன்.

காயம் எப்படி வந்தது என்று கேட்பார்களே என்ற பயத்தில் வைத்தியசாலைக்குப் போகாதவர்களும் இருக்கிறார்கள். சிகிச்சைக்கு வைத்தியர் அறிய வேண்டியவை சில விடயங்கள்தான்: எந்த வருடம், எந்தக் கண், பட்டது உலோகமா கல்லா மண்ணா, சத்திரசிகிச்சை செய்ததா, துண்டு எடுக்கப்பட்டதா. "2009 இல் செல் துண்டு பட்டது" என்று சொன்னால் போதும். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஒரு கண்ணோடு வாழ்பவர்களுக்கு

போரில் ஒரு கண்ணை இழந்தவர்களுக்கு மற்றக் கண்தான் முழு உலகமும். மேலே சொன்ன எந்த அறிகுறிக்காகவும் காத்திராமல், அவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்ட வேண்டும். வேறு இரண்டு விடயங்களும் உண்டு.

ஒன்று, துளைத்த காயம் பட்ட கண்ணை எதிர்த்து உடலின் நோயெதிர்ப்பு சக்தி கிளம்பி, நல்ல கண்ணையும் தாக்கும் ஒரு நோய் இருக்கிறது. அரிதானது. பெரும்பாலும் காயம் பட்டு ஒரு வருடத்துக்குள் வரும் என்றாலும், பல பத்து வருடங்கள் கழித்து வந்ததும் உண்டு. நல்ல கண் சிவந்து, நொந்து, வெளிச்சம் கூசி, மங்கலானால் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போக வேண்டும். விரைவாகச் சிகிச்சை தொடங்கினால் பார்வையைக் காப்பாற்ற முடியும்.

மற்றது, பாதுகாப்பு. நல்ல கண்ணுக்குப் பவர் தேவையில்லாவிட்டாலும், உடையாத பொலிகாபனேற் வில்லை போட்ட கண்ணாடியை எப்போதும் அணியுங்கள். வெல்டிங், கிரைண்டர், விறகு கொத்துதல், வேலி அடைத்தல் போன்ற வேலைகளின்போது பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். செயற்கைக் கண் வைத்திருப்பவர்கள் அதையும் வருடத்துக்கு ஒருமுறை காட்டி, மெருகூட்டி, பொருத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். குழியில் சீழோ நோவோ இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள்

பிறந்ததில் இருந்தே மங்கலாகப் பார்க்கும் பிள்ளைக்கு, எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்ற எண்ணம். அது முறையிடாது. பெரியவர்கள்தான் கவனிக்க வேண்டும். கொப்பியை மூக்குக்குக் கிட்ட வைத்து எழுதுதல், தொலைக்காட்சிக்குக் கிட்டப் போதல், கண்ணைச் சுருக்கிப் பார்த்தல், தலையை ஒரு பக்கம் சரித்தல், கரும்பலகையை விட்டுப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுதல் ஆகியன முக்கியமான அடையாளங்கள்.

வாக்குக் கண்ணை அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடுவது எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறது. நாலு மாதத்துக்குப் பிறகும் குழந்தையின் கண் விலகி நின்றால் காட்ட வேண்டும். மூளை ஒரு கண்ணைப் புறக்கணிக்கப் பழகிவிட்டால் அது சோம்பற்கண்ணாகும். ஏழு, எட்டு வயதுக்கு முன்னர் சிகிச்சை தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். அதற்குப் பிறகு கடினம். கண்மணியின் நடுவில் வெள்ளையாக ஒளிர்ந்தால், அல்லது படம் எடுக்கும்போது ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால், அது பிறவிக் கண்புரையாகவோ கண் புற்றுநோயாகவோ இருக்கலாம். ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. மாலையானதும் பிள்ளை தடுமாறினால் மாலைக்கண்ணா என்று பார்க்க வேண்டும்.

அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டியவை

இவற்றுக்கு முகாமையோ அடுத்த கிளினிக் நாளையோ எதிர்பார்த்திருக்க வேண்டாம்:

- ஒரு கண்ணிலோ இரண்டிலோ திடீரெனப் பார்வை போதல். சில நிமிடத்தில் திரும்பி வந்தாலும் போக வேண்டும். அது பக்கவாதத்துக்கு முன்னெச்சரிக்கையாக இருக்கலாம்.
- கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போல் தெரிதல், கரும்புள்ளிகள் திடீரென அதிகரித்தல், திரை இறங்குவது போல் ஒரு பக்கம் மறைதல். விழித்திரை கழன்று வருவதன் அடையாளம்.
- கடும் கண்வலியும் சிவப்பும், தலையிடியும், வாந்தியும், விளக்கைச் சுற்றி வானவில் வளையமும். இது கண் அமுக்கம் திடீரெனக் கூடுவது. வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று நினைத்து நேரத்தை வீணாக்கிவிடுவார்கள்.
- திடீரென எல்லாம் இரண்டாகத் தெரிதல்.
- நெல்லோலை, பனங்கருக்கு, முள் போன்றவை பட்ட பிறகு கண் சிவந்து நோதல். பங்கசுத் தொற்று ஏற்படலாம்.
- கண்ணில் ஏதாவது குத்தி நிற்றல். இழுத்து எடுக்க வேண்டாம். கழுவவும் அழுத்தவும் வேண்டாம். கடதாசிக் கோப்பை ஒன்றால் கண்ணைத் தொடாமல் மூடிக்கொண்டு போங்கள்.
- சுண்ணாம்பு, பற்றரி அமிலம், கிருமிநாசினி ஆகியவை கண்ணில் படுதல். இதில் மட்டும் முதலில் கழுவ வேண்டும். குறைந்தது 20 நிமிடம், இமையை விரித்து, சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டுப் புறப்படுங்கள். வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வாகன வசதி இல்லாதவர்கள் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கண்ணில் விடக்கூடாதவை

தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன், விளக்கெண்ணெய் எல்லாம் எங்கள் வீடுகளில் கைவைத்தியமாக இருந்தவை. கண்ணில் காயமோ புண்ணோ இருக்கும்போது கிருமி நீக்காத எதையும் விடுவது ஆபத்து. அதைவிட ஆபத்தானது, பாமசியில் கேட்டு வாங்கும் துளி மருந்து. சிவந்த கண்ணை ஒரே நாளில் வெளுக்க வைக்கும் சில மருந்துகளில் ஸ்டீரொயிட் இருக்கும். பங்கசுத் தொற்று இருந்தால் அது தொற்றை வளர்த்துவிடும். தொடர்ந்து விட்டால் குளுக்கோமாவும் கண்புரையும் வரலாம். அயலவருக்குக் கொடுத்த போத்தலை நீங்கள் வாங்கி விடாதீர்கள்.

எங்கே போவது, எதைக் கொண்டுபோவது

அரச வைத்தியசாலையில் கண் பரிசோதனை இலவசம். அருகில் உள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், கண் பிரிவு உள்ள வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகளில் கண் பிரிவுகள் இயங்குகின்றன. கண்ணாடிக் கடைகளில் செய்யும் கம்பியூட்டர் பரிசோதனை, கண்ணாடியின் பவரை மட்டுமே சொல்லும். நரம்பு, விழித்திரை, அமுக்கம் ஆகியவற்றுக்கு அது போதாது.

"எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது, அங்க எழுத்துக் காட்டுவினமே" என்று கூச்சப்பட்டுத் திரும்பிப் போக நினைத்தவர்களை மேசையில் சந்தித்திருக்கிறேன். எழுத்துத் தெரியாதவர்களுக்கென்றே ஒரு அட்டை இருக்கிறது. அதில் உள்ள வடிவம் மேலே, கீழே, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும். அட்டையை 6 மீற்றர் தூரத்தில் வைப்பார்கள். 6/6 என்று எழுதினால் சாதாரண பார்வை. 6/60 என்றால், நல்ல கண் 60 மீற்றரில் காண்பதை நீங்கள் 6 மீற்றரில்தான் காண்கிறீர்கள் என்று அர்த்தம்.

போகும்போது கிளினிக் கொப்பி, பாவிக்கும் மருந்துகள், பழைய கண்ணாடி, முன்னர் செய்த சத்திரசிகிச்சையின் துண்டு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கண்மணியை விரிக்கும் துளி மருந்து விட்டால் சில மணிநேரம் கிட்டப் பார்வை மங்கும், வெளியில் வெயில் கூசும். அன்று மோட்டார் சைக்கிள் ஓட வேண்டாம். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு, தொப்பியோ குடையோ எடுத்துக்கொண்டு போங்கள். தனியாக வாழும் முதியவர்கள் பலர் வராமல் இருப்பதற்குக் காரணமே கூட்டிப்போக ஆள் இல்லாததுதான். அயலில் அப்படி ஒருவர் இருந்தால் அவருக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள்.

எத்தனை காலத்துக்கு ஒருமுறை?

அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் 40 வயதில் ஒரு முழுமையான பரிசோதனை செய்து, பின்னர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காட்டலாம். 60 வயதுக்கு மேல் வருடத்துக்கு ஒருமுறை நல்லது. நீரிழிவு உள்ளவர்களும், ஒரு கண்ணோடு வாழ்பவர்களும், கண்ணில் போர்க் காயம் பட்டவர்களும் எந்த வயதிலும் வருடத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். குடும்பத்தில் குளுக்கோமா இருப்பவர்கள் 40 வரை காத்திராமல், எப்போது தொடங்குவது என்று வைத்தியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பாடசாலை செல்லத் தொடங்குமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்று வீட்டில் எல்லோரிடமும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: கடைசியாக எப்போது கண்ணைக் காட்டினீர்கள்? 40 வயதைத் தாண்டிய ஒருவர் "ஒருநாளும் இல்லை" என்று சொன்னால், வேறு அறிகுறி எதையும் தேட வேண்டாம். அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.